இருபத்தொன்பதாவது வேகன்

— பைய. ரெண்டு விரலால அடியப் பிடிச்சுத் தூக்கு எலிசா. மேல பிடிச்சா ஏணி ஒடிஞ்சிரும்.

— இது ஏணியாக்கும் சாரே? எறும்புக்க காலு மாதிரி இருக்கு.

— கிட்டாருக் கம்பி. நெசமான வேகன்ல எத்தன படியோ, இதுலயும் அத்தன படி உண்டு. வேணும்னா எண்ணிப் பாரு.

— எண்ணதுக்குக் கண்ணு வேண்டாமா. இத்தனையும் நீங்களே செஞ்சதா? கடையில கெடைக்காதா?

— வெளிநாட்டு வண்டின்னா கெடைக்கும். நம்ம சரக்கு வேகன எவன் செஞ்சு விப்பான்? எல்லாம் ஒக்க கையால செஞ்சதாக்கும். எண்பத்தேழுல ஒரு பங்கு. நெசமான வேகன் பதினஞ்சு மீட்டர்னா இது ஒரு சாண் வராது.

— அன்னக்கிளியக்கா, நீங்க எப்படி இதுக்கெடையில பெருக்குதிய?

— இந்த முறிக்குள்ள நான் வாரியலே எடுக்கமாட்டேன் மக்கா. ஒருநா ஒரு சக்கரத்தத் தூத்து வெளிய களஞ்சிட்டேன். சட்டப் பொத்தான் அளவு இருக்கும். அதுக்கு இவிய மூணு நாளு எங்கிட்ட மிண்டல.

— ஒண்ணர நாளு.

— கேட்டியா? கோவத்துக்கும் அளவு வச்சிருக்காவ.

— இந்தச் சொவரு தகரமா சாரே?

— பிளாஸ்டிக்கு. அர மில்லி கனம். சின்னச் சின்ன எடத்துக்குப் பழைய ஏ.டி.எம். கார்ட வெட்டிப் போடுவேன்.

— பழசு மட்டும்னு சொல்லாதீங்கோ. எனக்கப் புது ரேஷன் கார்டு மேல ஒருநா ஸ்கேல வச்சு அளந்துகிட்டு இருந்திய. நான் உள்ள வந்ததுனால அது பொழைச்சுது.

— கனம் பாத்தேன், அவ்வளவுதான்.

— இந்த ஆணி எல்லாம் ஒட்டினதா?

— ஒட்டல. ஷீட்டுக்குப் பின்பக்கம் இருந்து மொட்ட ஊசியால குத்துதேன். ஒரு குத்துக்கு ஒரு ஆணித்தல. ஒரு பக்கத்துக்கு நானூத்திப் பன்னெண்டு. ஒண்ணு கோணிப்போனா அந்த ஷீட்டு குப்பைக்கு.

— அடியில ஓடுகது எங்க தூண்டிக் கம்பி மாதிரி இருக்கே.

— தூண்டிக் கம்பிதான். குளச்சல்ல ஒரு கடையில வாங்கினேன். பிரேக்குக்குக் காத்து போற பைப்பு அது.

— எங்கப்பா இதுலதான் சூர மீனுக்கு முள்ளு கட்டுவாரு. கடலுக்குப் போற சாமான் ரயிலுக்கு ஏறிட்டு.

— வெள்ளம் குடிக்கியா மக்கா? கட்டன்சாயா போடட்டா? வெயில்ல ரெண்டு பஸ் மாறி வந்திருக்கே.

— வேண்டாம்க்கா. இருங்க.

— இருக்கேன். ஆனா கேக்காம இருக்க முடியல. ரயில்வே குவார்ட்டர்ஸ்ல நமக்கெடையில ஒரு சொவருதான் இருந்தது. உங்க வீட்டு மீன் கொழம்பு ஒரு கிண்ணம் இங்க வராத நாளு கெடையாது. உனக்க மாப்பிள சிலுவைதாசன் அடக்கத்தன்னைக்கு நான் வந்து உனக்க கையப் பிடிச்சேன். நீ உருவிட்டு உள்ள போனே. அதுக்குப் பொறவு இருபத்தொரு வருசம். ரோட்டுல கண்டாலும் மறுபக்கம் போயிருவே.

— ஏட்டி, அத விடு.

— நான் குத்தமா சொல்லேல்ல. அந்த எடத்துல நானா இருந்தா காறித் துப்பியிருப்பேன். இவ உருவிட்டுத்தானே போனா. இப்ப என்னத்துக்கு வந்தான்னு கேக்கேன்.

— பெனிஷு ஒரு வீடியோ அனுப்பினான்க்கா.

— உனக்க மவன். இப்ப எங்க இருக்கான்?

— மஸ்கட்ல. ஏ.சி. மெக்கானிக்கு. யாரோ பயலுவ இந்த வண்டிய போன்ல எடுத்துப் போட்டிருக்கானுவ. ஒவ்வொரு வேகனா கிட்டப் போயி காட்டுகானுவ. அதுல ஒரு நம்பரப் பாத்துட்டு அவன் நிப்பாட்டியிருக்கான். "அம்மா, அப்பாக்க என்கொயரி பேப்பர்ல இருந்த நம்பரு இதுதானே"ன்னு கேட்டான். நான் பெட்டியத் தொறந்து பேப்பர எடுத்துப் பாத்தேன். இதேதான் சாரே. இப்ப எனக்க கையில இருக்கதுதான்.

— ஆமா. இருபத்தொன்பதாவது வேகன்.

— அவனுக்குக் கோவம். "எங்கப்பன கொன்ன வேகன அந்தாளு எதுக்குப் பொம்ம செஞ்சு வச்சிருக்கான், போயிக் கேளு"ன்னான். அந்தாளுன்னு சொல்லிட்டான் சாரே. சின்னப் பிள்ளையில உங்க மடியில இருந்தவன்தான்.

— சொல்லட்டும். அவனுக்குச் சொல்லாம வேற யாருக்குச் சொல்ல.

— நானும் கேக்கேன். எதுக்குச் செஞ்சிய?

— ஓர்மைக்கு.

— மறக்காம இருக்கவா?

— மறந்தது திரும்பி வருமான்னு பாக்க. உனக்கு இது சிரிப்பா இருக்கும். ரிட்டயர் ஆனப்போ எனக்குக் கையில ஒரு சோலியும் இல்ல. விடிஞ்சா அந்தச் சாயங்காலம்தான். அன்னைக்கு நான் எழுதினேனா, எழுதல்லியா. தலைக்கு ஓர்ம இல்லன்னாலும் கைக்கு இருக்கும்னு தோணிச்சு. அந்த வண்டிய அப்படியே செய்யணும்னு நெனச்சேன். ஒண்ணாவது வேகன்ல இருந்து வரிசையா. அன்னைக்கு நடந்த வழிய கையால திரும்பி நடந்துட்டா, இருபத்தொன்பதுக்கு வரும்போ கை தானா சொல்லும்னு.

— சொல்லிச்சா?

— இல்ல. பதினோரு வருசம். நாப்பது வேகனும் ஒரு பிரேக் வேனும். உனக்க கையில இருக்கத மட்டும் நாலு தடவ செஞ்சேன். மூணு கோணிப்போச்சு. மத்ததுக்கு ஆன நேரத்தவிட இதுக்குக் கூட.

— அந்த மூணையும் இவிய ஒடச்சது எனக்குத் தெரியும் மக்கா. கோணல்லாம் ஒண்ணும் இல்ல. நல்ல வேகன். சாப்பிடாம இருந்து செஞ்சிட்டு ஒருநா சுத்தியல எடுத்து ஒரு போடு.

— அன்னக்கிளி.

— சரி, சொல்லல.

— சாரே, அன்னைக்கு நடந்தத உங்க வாயால நான் கேட்டதில்ல. பேப்பர்ல இங்கிலீஷ்ல இருந்தது. ஆபீஸ்ல ஒருத்தரு வாசிச்சுச் சொன்னாரு. நீங்க சொல்லுங்க.

— இப்பயா? நாலு மணிக்கு வேன் வரும் எலிசா. வீடியோ எடுத்த அந்தப் பயலுவ, திருவனந்தபுரத்துல இருந்து. மொத்த வண்டியையும் கொண்டுபோயி ஒரு ஹாலுல கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கப் போறானுவ. எப்பயும் அங்கயே இருக்கும்.

— நாலுக்கு இன்னும் நேரம் இருக்கு. சொல்லுங்க.

— அரிசி வண்டி. எறக்கி முடிச்சு, ரெண்டு துண்டா நின்னுது. இருபத்தெட்டு வேகன் ஒரு துண்டு, மிச்சம் பன்னெண்டு ஒரு துண்டு. அந்தியில சேத்து அனுப்பணும். அதுக்கு முன்னால ஒவ்வொரு வேகனையும் அடியும் பக்கமும் பாத்து, ஓடலாம்னு சொல்லக்கூடியது எனக்க சோலி. இருபத்தெட்டு வரைக்கும் கொழப்பம் இல்ல. இருபத்தொன்பதுல கப்ளிங்குப் பூட்டு விழல.

— கப்ளிங்குன்னா ரெண்டு வேகனும் கை கோக்கப்பட்ட எடம்தானே.

— அதேதான். பூட்டு விழலன்னா கோத்த மாதிரி தெரியும், இழுத்தா விட்டுரும். தட்டிப் பாத்தேன், நெம்பிப் பாத்தேன். விழல. அப்படிப்பட்ட வேகன வண்டியில சேக்கப்படாது. தனியா வெட்டி ரிப்பேர் லைனுல தள்ளணும். எஞ்சின் அங்கயும் இங்கயும் போயி வர ஒண்ணர மணிக்கூர் பிடிக்கும், அதுவரைக்கும் யாருக்கும் டூட்டி முடியாது. அப்படி வெட்டதுக்காக்கும் சாக்பீசால வேகனுக்க பக்கத்துல "சிக்"குன்னு இங்கிலீஷ்ல எழுதுகது. மனுசனுக்குச் சீக்குன்னு சொல்லுகோம்லா, அதுபோல.

— எழுதினா யாரும் தொடமாட்டாவ.

— தொடமாட்டாவ. எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எழுதுகதுக்கு முன்னால வேஸ்ட்டுத் துணியால ஒரு கை அகலத்துக்குத் தூசியத் தொடப்பேன். தொடச்ச எடத்துலதான் சாக்கு நிக்கும். மத்தவன் தூசி மேலயே கிறுக்கிட்டுப் போவான். நான் தொடைச்சுத்தான் எழுதுவேன்.

— பொறவு?

— நாப்பதும் முடிச்சு ஆபீசுக்கு நடந்தேன். வேகன்ல எழுதினத பேப்பர்லயும் எழுதிக் குடுக்கணும். பாதி வழியில சத்தம் கேட்டுது. எஞ்சின் தள்ளி ரெண்டு துண்டையும் சேத்திருக்காவ. பூட்டு விழல. வேகனக் கோக்கது சிலுவைதாசனுக்க சோலி, அவன் கையால என்னவோ செய்ய எடையில நொழைஞ்சிருக்கான். டிரைவருக்குத் தெரியாது. இன்னொரு தடவ தள்ளினாரு.

— போதும் சாரே. அதுக்கு அங்கோட்டு எனக்குத் தெரியும்.

— ஓடி வந்து முதல்ல அவனப் பாத்தேன். பொறவு வேகனுக்க பக்கத்தப் பாத்தேன். தொடச்ச எடம் இருந்தது. எழுத்து இல்ல. இந்த லென்ச வாங்கு. வாங்கிப் பாரு. செம்மண் தூசி படிஞ்ச மாதிரி பெயின்ட் அடிச்சிருக்கேன்லா. அதுக்கு நடுவுல.

— தெரியுது. கொஞ்சம் எடம் தெளிஞ்சு கெடக்கு.

— அதுதான். நான் பாத்தது அது மட்டும்தான்.

— இந்த வேகன்ல மட்டும்தான் எழுத்து இல்ல. மத்ததுல எல்லாம் வெள்ளையா என்னென்னவோ கிறுக்கியிருக்கிய.

— கிறுக்கல் இல்ல. பதினாறாவது வேகன்ல கதவு கொளுத்து வளஞ்சிருந்தது, அதுக்கு ஒரு குறி. இருபத்திரெண்டுல பழைய ஊரு எழுத்து அழியாம கெடந்தது. எல்லாம் அன்னைக்கு நான் கண்டது. தையல் ஊசி முனையில வெள்ள பெயின்டத் தொட்டு எழுதினேன்.

— இதுலயும் அந்த நாலு எழுத்த எழுதிருங்கோன்னு நான் எத்தன நாளா சொல்லுதேன் தெரியுமா எலிசா? ஒரு ஊசி முனை பெயின்டு. யாரு வந்து கேக்கப் போறா? பயலுவளுக்கு என்ன தெரியும்?

— பாத்ததத்தான் செய்வேன். பாக்காதத ஒரு ஆணிகூட வைக்கமாட்டேன். வச்சா பொறவு இந்த நாப்பதும் பொய்யாயிரும்.

— இப்படித்தான் அன்னைக்கும். என்கொயரியில "எழுதினேன்"னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். இவிய என்ன சொன்னாவ தெரியுமா? "எழுதினேன்னு நெனைக்கேன் சார்"னாவ. நெனைக்கேனாம். அத்தன பெரிய ஆபீசருவ முன்னால. அந்த நெனப்பு ஒண்ணு போதாதா?

— அவங்க கேட்ட கேள்வியில தப்பு இல்லட்டி. "தொடச்ச எடம் இருக்கு, எழுத்து இல்ல. தொடச்சிட்டு எழுத மறந்துட்டியா, யாராவது கூப்பிட்டாவளா?"ன்னு கேட்டாவ. எனக்கு அப்படியும் இருக்கலாம்னு பட்டுது.

— முதல்லயே அப்படிப் பட்டுதா சாரே?

— இல்ல. முதல் ரெண்டு நாளு எழுதினேன்னு எனக்கு நல்ல ஒறப்பு. கையில சாக்குப் பிடிச்ச ஓர்மகூட இருந்தது. என்கொயரி முடிஞ்சு வெளிய வரும்போ அதுல பாதி போச்சு. அதுக்குப் பொறவு ஒவ்வொரு வருசமும் ஒவ்வொரு எழுத்தா போச்சு. இப்பக் கண்ண மூடினா நான் தொடைக்கது தெரியுது. தொடச்சிட்டு திரும்பி நடக்கது தெரியுது. எழுதுகது தெரியல.

— மாதாவே.

— நீ ஏன் விசனப்படுகே? உனக்க நஷ்டத்துக்கு முன்னால இது என்ன.

— உங்களுக்கு என்னல்லாம் செஞ்சாவ?

— அது பெருசில்ல. மூணு வருசம் இன்கிரிமென்ட்டு இல்ல. கேரளாவுல ஒரு மூலைக்கு மாத்தம்.

— பெருசில்லயாம். பிளஸ் டூ படிச்ச மவ அஸ்வதிய எங்க அம்ம வீட்டுல விட்டுட்டு நாங்க சட்டி முட்டியத் தூக்கிட்டுப் போனோம். அங்க போன மொத நாளே ஒருத்தன் இன்னொருத்தங்கிட்ட மலையாளத்துல சொல்லுகான், "ஆள கொன்ன எக்ஸாமினர் வந்திருக்கான்"னு. எனக்குப் புரியாதுன்னு நெனச்சிட்டான். நாஞ்சில் நாட்டுக்காரிக்கு மலையாளம் புரியாதாம்.

— அதையும் சேத்துத்தான் நான் எடுத்துகிட்டேன். ஏன்னு கேட்டா எலிசா, ஒரு கணக்கு எனக்கு எப்பவும் இடிக்கும். நான் எழுதியிருந்தா உனக்க மாப்பிள பாத்திருப்பான். பாத்திருந்தா சேத்திருக்கமாட்டான். இருபது வருசம் யார்டுல கெடந்த பாயின்ட்ஸ்மேன். எத்தனையோ புதுப் பயலுவளுக்குச் சொல்லிக் குடுத்தவன். "சிக்"குன்னு எழுதின வேகனச் சேக்கதுக்கு அவனுக்கென்ன பைத்தியமா? அவன் செத்ததுதான் நான் எழுதல்லங்கதுக்குச் சாட்சி. வேற சாட்சி வேண்டாம்.

— அன்னைக்கு அவரு உங்ககிட்ட ஏதாவது பேசினாரா?

— மூணு மணிக்கு மேல ரெண்டு தடவ வந்தான். "சாரே, வண்டிய எப்ப விடுவாவ, எப்ப விடுவாவ"ன்னு. என்னலே இத்தன அவசரம், வெப்ராளம்னு கேட்டேன். சிரிச்சான். சொல்லல.

— மறுநா பெனிஷுக்குக் கோயில்ல புதுநன்ம, மொதல்ல நற்கருண வாங்கக்கூடிய நாளு.

— அது அப்பத் தெரியாது. பொறவு கேட்டேன்.

— அன்னைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குப் பாவசங்கீர்த்தனம், பாவத்தச் சொல்லி மன்னிப்பு கேக்கது. அப்பனும் அம்மையும் பிள்ளையும் சேந்து வரணும்னு சாமியாரு கண்டிப்பா சொல்லியிருந்தாவ. அவரு அதுக்கு முன்ன ரெண்டு தடவ டூட்டின்னு சொல்லி வரல. காலம்பற சோத்துப் பாத்திரத்தக் குடுக்கும்போ நான் சொன்னேன், ஆறு மணிக்கு கோயில் வாசல்ல நிக்கலன்னா இனி வீட்டுக்கு வரவே வேண்டாம்னு. அதுதான் நான் அவருகிட்ட கடசியா சொன்னது.

— எல்லாப் பொம்பளையும் சொல்லுகதுதான் மக்கா. நான் தெனமும் சொல்லுதேன், இவியளுக்கு ஒண்ணும் ஆகலியே.

— வராதன்னுதானே சொன்னேன்க்கா. வரல.

— அழாத. இந்தா, முந்தானையப் பிடி. இஞ்ச பாருங்கோ, அந்த வேகன அவ கையில இருந்து வாங்குங்கோ. கீழ போட்டிரப் போறா.

— இருக்கட்டும்க்கா. நான் கீழ போடமாட்டேன். சாரே, இவ்வளவு செஞ்சிருக்கிய. தண்டவாளம் இருக்கு, கல்லு இருக்கு, வெளக்குக் கம்பம் இருக்கு. ஒரு ஆளுகூட இல்லியே.

— எண்பத்தேழுல ஒரு பங்குன்னா மனுசன் ரெண்டு சென்டிமீட்டர் வருவான். அந்தப் பயலுவ ஒரு டப்பா நெறய தந்தானுவ, பெயின்டெல்லாம் அடிச்சு. எனக்குத் தொட மனசு வரல. எங்க நிறுத்த? எவன நிறுத்தினாலும் அவன் கடசியில அந்த ரெண்டு வேகனுக்கு நடுவுலதான் போயி நிப்பான்.

— சாரே.

— ம்.

— போன மாசம் நானும் ரிட்டயர் ஆயிட்டேன். அவரு மேல தப்பு இல்லன்னு ஆனதுனால தந்த வேலையாக்கும், பார்சல் ஆபீஸ்ல பியூனா சேந்தது. நேத்துத்தான் பென்சன் பேப்பரு கையில வந்தது.

— நல்லது. உனக்கு அந்த வேலை கெடச்சதுன்னு கேட்டன்னைக்குத்தான் நான் ஒரு வாய் சோறு தின்னேன். அன்னக்கிளிகிட்ட கேளு.

— அது உள்ளதுதான். அதுவரைக்கும் கஞ்சி வெள்ளம்.

— அந்த வேலையிலதான் பெனிஷ படிக்க வச்சேன். வீட்டுக்கு ஓடு மாத்தினேன். ஒவ்வொரு ஒண்ணாந் தேதியும் சம்பளத்துல கையெழுத்துப் போடும்போ உங்க மொகம் வரும்.

— என்னத்துக்கு? அது சிலுவைதாசன் ரத்தம். எனக்க மொகம் அங்க வரக்கூடாது.

— வரும். வந்தது.

— மக்கா, நீ வந்ததும் நல்லதாப் போச்சு. இந்த மனுசன் செய்யப் போற கூத்த நீயாவது நிப்பாட்டு. மேசை மேல அந்த அட்ட கெடக்கு பாத்தியா? அத எடு.

— அன்னக்கிளி, அது எலிசாவுக்குக் காட்டணும்னு நானே இருந்தேன்.

— நீங்க காட்டமாட்டிய, ஒட்டிட்டுத்தான் காட்டுவிய. எடுத்து வாசி எலிசா. சத்தமா வாசி. என் கண்ணால அத வாசிக்க முடியல.

— "இருபத்தொன்பதாவது வேகன். இணைப்பில் பழுது இருந்ததைக் கண்டும் அடையாளம் எழுதத் தவறினேன். அதனால் பாயின்ட்ஸ்மேன் சிலுவைதாசன் இறந்தார். இந்த வண்டியைச் செய்தவன் நானே. சிவதாணு, வேகன் பரிசோதகர், ஓய்வு."

— கேட்டியா? கண்ணாடிப் பெட்டிக்குள்ள வேகனுக்கு முன்னால இத ஒட்டி வைக்கப் போறாவளாம். நாலு ஊரு பிள்ளையளு வந்து பாக்கும். அஸ்வதிக்க மவன் திருவனந்தபுரத்துலதான் படிக்கான். பள்ளிக்கூடத்துல இருந்து கூட்டிட்டுப் போவாவ. அவன் இத வாசிப்பான்.

— வாசிக்கட்டும்.

— தாத்தா ஆள கொன்னாருன்னு வாசிக்கட்டும். அப்படித்தானே?

— பின்ன என்ன செய்ய? எல்லா வேகன்லயும் எழுத்து இருக்கு, ஒண்ணுல மட்டும் இல்ல. அது ஏன்னு ஒருத்தன் கேப்பான். நான் இருந்தா நான் பதில் சொல்லலாம். நான் போனபொறவு? தெரியாமலே ஒரு ஆயுசு போச்சு அன்னக்கிளி. எழுதினேனா எழுதல்லியான்னு ரெண்டுக்கும் நடுவுல நின்னு எனக்குச் சலிச்சு மடுத்துட்டு. ஒரு பக்கம் சாஞ்சிரணும். இந்தப் பக்கம் சாஞ்சா ஒறக்கம் வரும்னு தோணுது.

— ஒறக்கம் வருமா சாரே? செய்யாதத செஞ்சேன்னு எழுதி வச்சா?

— செய்யாததுன்னு யாருக்குத் தெரியும்?

— அந்தாலக் கேட்டியா, வேன் சத்தம். வந்துட்டானுவ. இஞ்ச பாருங்கோ, நான் காலப் பிடிச்சுக் கேக்கேன். வேகன மட்டும் குடுத்து விடுங்கோ. அட்ட வேண்டாம்.

— போயி கதவத் தொற. உள்ள வந்து இருக்கச் சொல்லு. அந்தப் பயலுவளுக்கு மோரு குடு.

— நான் போகமாட்டேன். எலிசா, நீ சொல்லு. நீ சொன்னா கேப்பாவ. உன்கிட்ட கேட்டுத்தான் இவிய எதுவும் செய்யணும்.

— அது செரிதான். அதத்தான் நானும் சொல்ல வந்தேன். எலிசா, நீ வருவேன்னு நான் நெனைக்கல. வந்துட்டே. இத்தன வருசம் எங்கிட்ட ஒரு வார்த்த ஏசாம இருந்தே. அது எனக்குப் பெரிய பாரமாக்கும். அந்த அட்டைக்குப் பின்னால பசை தடவி வச்சிருக்கேன். தாள உரிச்சா ஒட்டும். நீ உனக்க கையால அத வேகன் நிக்கப்பட்ட பலகையில ஒட்டு. நீ ஒட்டினா நான் குடுக்க வேண்டியதக் குடுத்த மாதிரி ஆகும். பெனிஷுகிட்டயும் சொல்லிரு.

— என்னாலயா?

— உன்னாலதான். வேற யாருக்கு உரிமை இருக்கு? ஒட்டு எலிசா. பயலுவ வெளிய நிக்கானுவ.

— நான் ஒட்டமாட்டேன் சாரே.

— கோவம் இன்னும் தீரலன்னா சொல்லு. காலுல விழணும்னாலும் விழுதேன். எழுபத்தொண்ணு வயசாச்சு, முட்டு மடங்காது, ஆனாலும் விழுதேன்.

— அக்கா, இவரப் பிடிங்க. எழும்ப விடாதீங்க. சாரே, அங்கயே இருங்க, எனக்க மொகத்தப் பாக்காதீங்க, பாத்தா எனக்குச் சொல்ல வராது. நீங்க எழுதாம விட்டதா இருந்தா, அன்னைக்கு ஆஸ்பத்திரியில எங்கிட்ட சுருட்டித் தந்த அவருக்க காக்கிச் சட்டையில, வலது கையில, மணிக்கட்டுல இருந்து முழங்கை வர வெள்ளச் சாக்பீஸ் பொடி எப்படி வந்தது? அடக்கம் கழியதுக்கு முன்னாலயே, வேற ஒருத்தரும் காணாம, நான் அத அலசிக் காயப் போட்டேன் சாரே.